வாதுமை ஓட்டில் வந்த அம்மை: லேடி மேரி மாண்டேகு இங்கிலாந்துக்கு எதைக் கொண்டுவந்தார்?

கேள்வி இதுதான்: "பெரியம்மைத் தடுப்பூசி என்றால் எட்வர்ட் ஜென்னர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவருக்கு 75 ஆண்டுகளுக்கு முன்பே லேடி மேரி என்ற பிரபு வீட்டுப் பெண் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று இப்போது சொல்கிறார்கள். எது சரி? வைத்தியம் படிக்காத ஒரு சீமாட்டியால் இதில் என்ன செய்திருக்க முடியும்?"

இரண்டும் சரிதான், ஆனால் இருவரும் குத்திய பொருள் வேறு வேறு. ஜென்னர் 1796-இல் குத்தியது மாட்டம்மை. அது மனிதனுக்கு லேசாக வந்து போகும் இன்னொரு நோய். லேடி மேரி 1721-இல் லண்டனில் குத்தச் செய்தது பெரியம்மையையே. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த பாலை, நோய் வராத ஒருவரின் தோலில் துளியளவு ஏற்றிவிடுவது. அவருக்கும் அம்மை வார்க்கும், ஆனால் லேசாக வார்க்கும், பிறகு ஆயுளுக்கும் வராது. இதை அம்மைக் குத்து என்றே இங்கே சொல்கிறேன். தடுப்பூசி என்ற சொல்லை ஜென்னருடையதற்கு வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

மேரி பியர்பான்ட் 1689-இல் பிறந்தவர். தந்தை பின்னாளில் கிங்ஸ்டன் டியூக் ஆனவர். அந்தக் காலத்துப் பெண் பிள்ளைகளுக்கு இல்லாத படிப்பைத் தந்தையின் நூலகத்தில் தானே உட்கார்ந்து தேடிக்கொண்டார், லத்தீன் உட்பட. வீட்டில் பார்த்த வரனை மறுத்து 1712-இல் எட்வர்ட் வோர்ட்லி மாண்டேகுவுடன் வீட்டைவிட்டுப் போய்த் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே ஒரே தம்பி பெரியம்மையில் இறந்தார். 1715 டிசம்பரில் மேரிக்கே வந்தது. பிழைத்தார், ஆனால் முகமெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்தது, கண் இமை மயிர் முழுக்கக் கொட்டி மறுபடி முளைக்கவே இல்லை. அழகி என்று அரசவையில் பேர்பெற்றிருந்தவருக்கு அப்போது வயது 26. பெரியம்மை என்றால் என்ன என்று இவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1716-இல் கணவர் ஒட்டோமான் பேரரசுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். மேரியும் உடன் போனார். அந்தப் பேரரசின் எட்ரியானோப்பிள் நகரிலிருந்து (இன்றைய துருக்கியின் எடிர்னே) 1717 ஏப்ரல் 1 அன்று தன் தோழி சாரா சிஸ்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே பார்த்ததை அடி பிசகாமல் விவரித்திருக்கிறார். ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று குறிப்பெடுத்ததுபோல இருக்கும் அந்தக் கடிதம்.

செப்டம்பரில் வெயில் தணிந்ததும், எந்த வீட்டில் யாருக்கு அம்மைக் குத்து வேண்டும் என்று ஊரில் விசாரித்துக்கொள்வார்கள். பதினைந்து பதினாறு பேர் ஓரிடத்தில் கூடுவார்கள். இதையே தொழிலாகக் கொண்ட கிழவி ஒருத்தி வருவாள். அவள் கையில் ஒரு வாதுமை ஓடு, அதில் நல்ல வகை அம்மையின் பால். நல்ல வகை என்பது இங்கே முக்கியமான சொல். முத்துக்கள் தனித்தனியாக, நெருக்கமில்லாமல் போட்டு, சிக்கலின்றி இறங்கும் நோயாளியிடமிருந்து எடுத்தது என்று அர்த்தம். எந்த நரம்பைத் திறக்கட்டும் என்று கேட்டு, பெரிய ஊசியால் கீறுவாள். சாதாரணச் சிராய்ப்பு அளவுக்குத்தான் வலி. ஊசியின் தலையில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவு பாலை உள்ளே வைத்து, குழிந்த ஓட்டுத் துண்டு ஒன்றால் மூடிக் கட்டிவிடுவாள். இப்படி நாலைந்து இடங்கள். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் சிலுவை அடையாளமாக நெற்றியிலும் மார்பிலும் இரு கைகளிலும் போட்டுக்கொள்வார்களாம். அது தழும்பு வைக்கும் என்பதால், அந்த நம்பிக்கை இல்லாதவர்கள் காலிலோ கையில் மறைவான இடத்திலோ போட்டுக்கொள்வார்கள்.

குழந்தைகள் அன்று முழுக்க விளையாடும். எட்டாம் நாள் வரை ஒன்றுமே தெரியாது. அப்புறம் காய்ச்சல், இரண்டு நாள் படுக்கை, அரிதாக மூன்று. முகத்தில் இருபது முப்பது முத்துக்கு மேல் போடுவது அபூர்வம், போட்டதும் தழும்பு வைப்பதில்லை. குத்திய இடம் மட்டும் கொஞ்ச நாள் புண்ணாக ஒழுகும். அடுத்த எட்டு நாளில் பழையபடி ஓட்டம். இங்கிலாந்தில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவரப் பாடுபடுவேன், வருமானம் போகிறதே என்று பார்க்காத மருத்துவர் ஒருவரைத் தெரிந்திருந்தால் அவருக்கே எழுதியிருப்பேன் என்று அதே கடிதத்தில் சொல்கிறார். நான்கு ஆண்டு கழித்து என்ன நடக்கப்போகிறது என்பதை அந்த ஒரு வரியிலேயே கணித்துவிட்டார்.

இது ஏன் வேலை செய்தது என்று இன்றைக்கு நமக்குத் தெரியும். இயல்பாக வரும் பெரியம்மை மூச்சு வழியாக நுழைகிறது. உடம்புக்குள் சத்தமில்லாமல் பெருகி, ஏறத்தாழ 12 நாள் கழித்துக் காய்ச்சலாக வெளியே தெரியும்போது ரத்தமெல்லாம் கிருமி. தோலில் கீறி வைத்தால் அது முதலில் அந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது, உடம்பின் எதிர்ப்பு முந்திக்கொண்டு கிளம்பிவிடுகிறது. ஆகவே மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: லேசான நோயாளியின் பால், மிகக் குறைந்த அளவு, ஆழமில்லாத கீறல். கான்ஸ்டான்டினோப்பிள் கிழவிகளுக்குக் கிருமி என்ற சொல் தெரியாது, இந்த மூன்றும் தெரிந்திருந்தன.

1718 மார்ச்சில் கணவர் ஊரில் இல்லாத நேரத்தில், ஐந்து வயது நிரம்பாத தன் மகனுக்கு மேரி குத்தச் செய்தார். ஒரு கிரேக்கக் கிழவி, நடுங்கும் கை, மழுங்கித் துருப்பிடித்த ஊசி. அவள் ஒரு கையில் போட்டாள். பையன் அலறுவதைப் பார்த்துத் தூதரக அறுவை மருத்துவர் சார்ல்ஸ் மெய்ட்லண்ட் மறு கையில் தன் கத்தியால் போட்டார். நூறு முத்துக்கள் போட்டு, பொருக்கு உதிர்ந்து, பையன் தேறினான். கைக்குழந்தையான மகளுக்கு மட்டும் மேரி அப்போது போடவில்லை. காரணம், குழந்தைக்குப் பால் கொடுத்த ஆர்மீனியச் செவிலிக்கு அதுவரை பெரியம்மை வந்ததில்லை. குத்திய குழந்தையிடமிருந்து அவளுக்குத் தொற்றினால் அவளுக்கு வருவது முழு பெரியம்மையாக இருக்கும். இதை அன்றைக்கே புரிந்துவைத்திருந்தார் பாருங்கள். பின்னால் லண்டனில் பட்டம் பெற்ற பலர் சறுக்கியது இதே இடத்தில்தான்.

செய்தி இங்கிலாந்துக்குப் புதிதே அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்த மருத்துவர் எம்மானுவேல் டிமோனியின் விவரக் கட்டுரை 1714-லேயே லண்டனின் அறிவியல் அறிஞர் சபையான ராயல் சொசைட்டிக்கு வந்துவிட்டது. படித்தார்கள், அச்சிட்டார்கள், ஒருவரும் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. தூர தேசத்து வினோதமாகவே அது கிடந்தது. இந்தத் தேக்கத்தை உடைத்ததுதான் மேரியின் பங்கு, அது சின்னப் பங்கல்ல.

1721 வசந்தத்தில் லண்டனில் பெரியம்மை கடுமையாகப் பரவியது. ஊர் திரும்பியிருந்த மெய்ட்லண்டை மேரி கூப்பிட்டனுப்பி, மூன்று வயது மகளுக்குக் குத்தச் சொன்னார். மெய்ட்லண்ட் தயங்கினார். துருக்கியில் செய்தது யாருக்கும் தெரியாது. லண்டனில் குழந்தை செத்தால் தொழிலே போய்விடும். சாட்சிக்கு மருத்துவர்கள் வேண்டும் என்றார். அப்படியே லண்டன் மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக வந்து குழந்தையைப் பார்த்துப் போனார்கள். இங்கிலாந்தில் தொழில்முறை மருத்துவர் ஒருவர் செய்த முதல் அம்மைக் குத்து இதுதான். வந்து பார்த்தவர்களில் ஜேம்ஸ் கீத் என்பவர் தன் பிள்ளைகளைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர், ஒரே ஒரு மகன் மிச்சம். பார்த்த சில வாரத்துக்குள் அவனுக்கும் குத்தச் செய்துவிட்டார். ராயல் சொசைட்டியின் கட்டுரையால் ஏழு வருடத்தில் ஆகாதது, ஒரு குழந்தை கட்டிலில் உட்கார்ந்து விளையாடியதைக் கண்ணால் பார்த்ததில் ஆயிற்று.

மேரி ஒரு பிரபு வீட்டுப் பெண் என்பது இங்கேதான் பயன்பட்டது. அவர் ராயல் சொசைட்டியில் உறுப்பினராக முடியாது, மருத்துவம் பார்க்க முடியாது, சொந்தப் பெயரில் அச்சில் எழுதுவதே அவருடைய அந்தஸ்துக்குக் குறைவு. ஆனால் யார் வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கும். இளவரசர் மனைவி கேரலைன் அவருக்கு அறிமுகமானவர். கேரலைனின் ஆர்வத்தாலும் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் மேற்பார்வையிலும் 1721 ஆகஸ்ட் 9 அன்று நியூகேட் சிறையில், தூக்குத் தண்டனை பெற்ற ஆறு பேருக்கு, மூன்று ஆண் மூன்று பெண், மெய்ட்லண்ட் குத்தினார். பிழைத்தால் விடுதலை என்பது பேச்சு. ஐந்து பேருக்கு முத்து போட்டது, ஒருவருக்குப் போடவில்லை. அவருக்கு முன்பே பெரியம்மை வந்து போயிருந்தது. செப்டம்பரில் எல்லோரையும் விடுவித்தார்கள். விடுதலையான 19 வயதுப் பெண் ஒருத்தியை ஹெர்ட்ஃபர்டுக்கு அனுப்பி, பெரியம்மை கண்ட நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யவைத்தார்கள், நோயுற்ற சிறுவன் ஒருவனோடு ஒரே கட்டிலில் படுக்கவும் வைத்தார்கள். அவளுக்குத் தொற்றவில்லை. பிறகு லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் தேவாலய வட்டாரத்து அனாதைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதற்கும் பிறகுதான், 1722 ஏப்ரல் 17 அன்று, கேரலைனின் மகள்கள் அமீலியா, கேரலைன் இருவருக்கும் போட்டார்கள். கயிறா கத்தியா என்று கேட்கப்பட்ட கைதியும், கேட்பதற்கு ஆளில்லாத அனாதையும்தான் அரச குழந்தைகளுக்கு முன்னால் நிறுத்தப்பட்டார்கள். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இளவரசிகள் தேறியதும் பிரபு வீடுகள் வரிசையில் நின்றன. கெட்டுப்போனதும் அங்கேதான். லண்டன் மருத்துவர்களுக்கு ஒரு கிழவியின் ஊசிக் கீறல் மருத்துவமாகத் தெரியவில்லை. இரண்டு கைகளிலும் வலது காலிலும் கத்தியால் தோலைத் தாண்டி ஆழமாக வெட்டினார்கள். அம்மைப் பாலில் ஊறிய நூல்திரியை அந்த வெட்டுக்குள் திணித்துக் கட்டினார்கள். அதற்கு முன்னால் உடம்பைத் தயார்ப்படுத்துகிறோம் என்று ரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது, பட்டினி போடுவது. ஆழமான வெட்டு சீழ் பிடித்தது, அளவு மிஞ்சிய பால் கடுமையான அம்மையாக வார்த்தது, பட்டினியில் கிடந்த உடம்புக்குத் தாங்கும் சக்தி இல்லை. 1722-இல் சண்டர்லாந்து பிரபுவின் சின்ன மகன் குத்திய பிறகு இறந்தான். பாதர்ஸ்ட் பிரபு வீட்டு வேலையாள் ஒருவரும் இறந்தார். பிரசங்க மேடையிலிருந்து, கடவுள் அனுப்பும் நோயை மனிதன் உண்டாக்குவது பாவம் என்று கிளம்பினார்கள்.

இரண்டாவது தவறு தொற்று. 1721 அக்டோபரில் ஹெர்ட்ஃபர்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தைக்கு மெய்ட்லண்ட் குத்தினார். குழந்தைக்கு நல்லபடியாக இறங்கிவிட்டது. ஆனால் அதைத் தூக்கிக் கொஞ்சிய வேலைக்காரர்கள் ஆறு பேருக்கும் இயல்பான பெரியம்மை வந்து, ஒரு பெண் இறந்துபோனாள். குத்தியவருக்கு லேசாக வந்தாலும் அவர் மூச்சிலும் பொருக்கிலும் இருப்பது முழு வீரியமுள்ள பெரியம்மை. முத்து தெரிந்ததிலிருந்து கடைசிப் பொருக்கு உதிரும்வரை தனி அறையில் வைக்காமல் குத்துவது, ஒருவரைக் காப்பாற்றி ஊருக்கே நோய் கொடுப்பதாகிவிடும். ஆர்மீனியச் செவிலி விஷயத்தில் மேரி காட்டிய எச்சரிக்கையை நினைத்துப் பாருங்கள்.

அச்சில் பதில் சொல்லவும் மேரி தயங்கவில்லை. 1722 செப்டம்பரில் ஒரு செய்தித்தாளில், துருக்கியில் வியாபாரம் செய்யும் ஆண் என்ற புனைபெயரில் எழுதினார். அதில் அவர் வைக்கும் வாதம் இன்றைக்குப் படித்தாலும் கச்சிதம். கான்ஸ்டான்டினோப்பிள் கிழவியின் ஓட்டில் இருக்கும் பால் ஐம்பது பேருக்குப் போதும். இங்கே ஒருவர் உடம்பிலேயே அளவில்லாமல் திணிக்கிறார்கள், கையில் போடும் வெட்டில் கையே போய்விடலாம், தொண்டையில் ஊற்றும் சூட்டு மருந்தில் காய்ச்சல் ஏறி உயிரே போய்விடலாம் என்கிறார். கொல்வது முறையல்ல, முறையைக் கெடுத்த கைதான் என்பது அவர் கட்சி. சரியாகச் சொன்னார்.

அதோடு, கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் நேரில் போனார். தேறிய மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு, குத்திய குழந்தைகள் படுத்திருந்த அறைகளுக்குள் நுழைந்தார். இவளைப் பாருங்கள், இவளுக்கும் போட்டது என்று காட்ட வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்த வீட்டுச் செவிலிகளும் உறவினர்களும் முகம் சுளித்துத் தோளைக் குலுக்கியது அந்தச் சிறுமிக்கு வளர்ந்த பிறகும் நினைவிருந்தது. தன் மகளுக்குக் குத்தியபோது, பார்க்க வந்த மருத்துவர்கள் இது தோற்க வேண்டும் என்று நினைப்பது அவர்கள் முகத்தில் தெரிந்ததாம், அவர்களிடம் குழந்தையைத் தனியே விட மேரி பயந்தார் என்று பேத்தி பின்னாளில் எழுதினார். ஏன் இதில் இறங்கினோம் என்று வருந்தாத நாளே இல்லையாம். இருந்தும் பின்வாங்கவில்லை.

சண்டை ஓயக் காரணம் எண்கள். ராயல் சொசைட்டியின் செயலர் ஜேம்ஸ் ஜூரின் நாடெங்கும் கடிதம் எழுதிக் கணக்குக் கேட்டார்: எத்தனை பேருக்குக் குத்தினீர்கள், என்ன வயது, முத்து போட்டதா, இறந்தார்களா? இயல்பாகப் பெரியம்மை வந்தவர்களில் ஐந்தாறு பேருக்கு ஒருவர் சாவது தெரிந்தது. குத்தியவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேருக்கு ஒருவர். 1721 முதல் எட்டு ஆண்டுகளில் பதிவான 897 பேரில் 17 மரணங்கள். மருத்துவத்தில் ஒரு சிகிச்சையை இப்படி எண்ணிப் பார்த்து எடைபோட்டது அன்றைக்குப் புதிது. ஆனால் அந்த 897 பேரிடமிருந்து அக்கம்பக்கத்தில் எத்தனை பேருக்குத் தொற்றியது என்ற கணக்கு இதில் இல்லை.

1760-களில் சஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் சட்டனும் அவர் மகன் டேனியலும் முறையை மறுபடி எளிமையாக்கினார்கள். ரத்தம் வராத அளவுக்கு மேலோட்டமான குத்து, சொற்பத் துளி, கட்டு கிடையாது, திறந்த காற்றில் நடமாட்டம். மரணம் வெகுவாகக் குறைந்தது, ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். மேரி 1722-இல் எழுதிய இடத்துக்கு நாற்பது வருடம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தாமஸ் டிம்ஸ்டேல் இதே பாணியில் 1768-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்குக் குத்தினார்.

ஜென்னருக்கும் மேரிக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. ஜென்னருக்கே எட்டு வயதில், 1757-இல், அம்மைக் குத்து போட்டார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் ரத்தம் எடுத்து, பேதி கொடுத்து, அரைப் பட்டினி போட்டு வாட்டியதை அவர் மறக்கவில்லை. பின்னால் கிராமங்களில் குத்தப் போனபோது, மாட்டம்மை வந்திருந்த பால்காரர்களுக்குக் குத்து ஏறுவதே இல்லை என்பது மருத்துவர்கள் கண்ணில் பட்டது. எல்லோருக்கும் பெரியம்மையை வேண்டுமென்றே குத்திப் பார்க்கும் வழக்கம் இருந்ததால்தான் இந்த விதிவிலக்கு தெரிந்தது. 1796 மே மாதம் ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற சிறுவனுக்கு மாட்டம்மை குத்திய ஜென்னர், அது காக்கிறதா என்று ஜூலையில் சோதித்தது எப்படி? பழைய அம்மைக் குத்தையே போட்டுப் பார்த்தார். ஏறவில்லை. மாட்டம்மை மற்றவருக்குப் பெரியம்மையாகத் தொற்றாது என்பதால் ஹெர்ட்ஃபர்டில் நடந்த ஆபத்து அடியோடு போயிற்று. 1840-இல் பிரிட்டன் அம்மைக் குத்தைச் சட்டம் போட்டே தடை செய்தது. தடை சரியானதுதான், அதற்குள் அதன் வேலை முடிந்திருந்தது.

"மேரிதான் உலகுக்குக் கொடுத்தார்" என்று பகிர்பவர்களுக்கு ஒரு திருத்தம். அதே 1721-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், ஒனிசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை தன் நாட்டு வழக்கமாகச் சொன்னதைக் கேட்டு பாதிரியார் காட்டன் மாதர் தூண்ட, மருத்துவர் சப்டியல் பாய்ல்ஸ்டன் குத்த ஆரம்பித்தார். இந்தியாவிலும் வங்காளத்தில் இதைக் குலத்தொழிலாகச் செய்தவர்கள் ஊர் ஊராகப் போய்க் குத்தினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹால்வெல் 1767-இல் அதை விரிவாக எழுதினார். மேரிக்குக் கற்றுக்கொடுத்த கிரேக்கக் கிழவியின் பெயரைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை.

மேரியின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவிஞர் அலெக்ஸாண்டர் போப்புடன் நட்பு பகையாகி, அச்சிலேயே அவமானப்படுத்தப்பட்டார். 1737-38-இல் பெயர் போடாமல் ஓர் அரசியல் இதழ் நடத்தினார். 1739-இல் நாட்டைவிட்டுப் போய் இருபது ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் இத்தாலியில் இருந்தார். லண்டன் திரும்பி 1762-இல் இறந்தார். துருக்கிக் கடிதங்கள் மறு ஆண்டு அச்சாயின. லண்டனில் முதலில் குத்தப்பட்ட மகள், பிரதமர் பியூட் பிரபுவின் மனைவியாக நெடுநாள் வாழ்ந்தார். அம்மாவின் நாட்குறிப்பைக் கொளுத்தியவரும் அவர்தான், குடும்ப மானத்துக்காக. மகன் பள்ளியிலிருந்து ஓடிப்போனபோது, அடையாளம் சொல்லித் தேட உதவியவை அவன் இரு கைகளிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருந்த வட்டத் தழும்புகள். ஒன்று கிழவி போட்டது, ஒன்று மெய்ட்லண்ட் போட்டது. லிச்ஃபீல்டு பேராலயத்தில் 1789-இல் ஒரு பெண்மணி மேரிக்கு நினைவுக் கல் எழுப்பினார்.

எட்ரியானோப்பிளிலிருந்து அந்தக் கடிதத்தைப் பெற்ற சாரா சிஸ்வெல் 1726-இல் இறந்தார், பெரியம்மையில்.